கோப்பில் இருப்பது வேறு, ஓடுவது வேறு

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி இருக்கும். வீட்டு விளக்கையும் மோட்டாரையும் நடத்தும் ஹோம் அசிஸ்டென்ட்டின் ஆப்பைக் கைபேசியில் திறந்தால் உள்ளே விட மறுத்தது. சர்வர் தன் அடையாளத்தை நிரூபிக்க நீட்டும் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதாம். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவசச் சான்றிதழ் அமைப்பு தரும் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். முப்பது நாள் மிச்சமிருக்கும்போதே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி எப்போதோ ஏற்பாடு செய்துவைத்திருந்தேன். சரி, அதுதான் சொதப்பியிருக்கும் என்று சர்வருக்குள் போய்ச் சான்றிதழ்க் கோப்பைப் பார்த்தேன். புத்தம் புதிது. இன்னும் இரண்டு மாதம் தாங்கும்.

கோப்பு நன்றாக இருக்கிறது, ஆப் மட்டும் காலாவதி என்கிறது. இந்த இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்காமல் புதுச் சான்றிதழ் வாங்கினேன். கிடைத்தது. ஆப்பில் அதே பிழை. இன்னொன்று வாங்கினேன். அப்புறம் இன்னொன்று. ஒரே பெயருக்கு ஏழு நாளில் ஐந்து சான்றிதழ்தான் தருவார்கள் என்பது லெட்ஸ் என்க்ரிப்ட்டின் கணக்கு. அந்தக் கணக்கை ஒரே இரவில் தீர்த்துவிட்டேன். ஐந்தும் நல்ல சான்றிதழ்கள், ஐந்தும் பத்திரமாக டிஸ்கில் போய் உட்கார்ந்தன. சர்வரோ மூன்று மாதத்துக்கு முன் தொடங்கியபோது படித்துவைத்த பழைய சான்றிதழைத்தான் வருகிறவர்களிடம் எல்லாம் நீட்டிக்கொண்டிருந்தது.

வீட்டில் நாமே வைத்து நடத்தும் ஆட்டோமேஷன் சர்வரில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு இந்த ஒரு வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும் என்பது என் அனுபவம். டிஸ்கில் உள்ள கோப்பில் எழுதியிருப்பது ஒன்று, சர்வரின் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது இன்னொன்று. நாம் திறந்து பார்த்துத் திருத்துவது முதலாவதை. விளக்கை எரியவைப்பதும் மோட்டாரை நிறுத்துவதும் இரண்டாவது. இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பது ரீஸ்டார்ட் ஆகும்போதோ ரீலோட் செய்யும்போதோ மட்டும்தான்.

ஹோம் அசிஸ்டென்ட் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு வரி. பவுலஸ் ஸ்கூட்சன் என்பவர் 2013இல் பைத்தானில் தொடங்கிய திறமூல மென்பொருள் அது. வீட்டு விளக்கு, விசிறி, கேமரா, தண்ணீர் மோட்டார் என்று எல்லாவற்றையும் ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் இருந்தே நடத்தலாம். பெரும்பாலும் ராஸ்பெர்ரி பை அல்லது பழைய மினி பிசி. பிரவுசரும் ஆப்பும் அதற்குள் நுழையும் வாசல் 8123ஆம் போர்ட். அதன் அமைப்புகளில் பாதி இப்போது திரையிலேயே மாற்றக்கூடியவை. மீதி யாமல் என்னும் எழுத்துவடிவக் கோப்புகளில் இருக்கின்றன.

என் வீட்டில் அந்தப் பெட்டி மூன்று மாதம் ரீஸ்டார்ட் ஆகாமல் இருந்ததற்குக் காரணம் இன்வெர்ட்டர். போன வருடம்வரை மின்தடை வரும்போதெல்லாம் பெட்டியும் அணைந்து எழும். எரிச்சலாக இருந்தது என்று ரவுட்டரையும் பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன். மாதம் ஒரு முறை வரும் புதிய பதிப்பையும் ‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிவிட்டேன். ஆக, கோப்புக்கும் நினைவகத்துக்கும் சந்திப்பே நடக்கவில்லை. மின்வாரியம் இலவசமாகச் செய்துகொடுத்த சோதனையை நானே காசு கொடுத்து நிறுத்தியிருக்கிறேன்.

சந்தேகம் வந்தால் கோப்பைத் திறப்பதற்கு முன் சர்வர் என்ன சான்றிதழை நீட்டுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பிரவுசரில் முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில் தட்டினால் சான்றிதழின் விவரமும் கடைசித் தேதியும் தெரியும். லினக்ஸ் தெரிந்தவர்கள் ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியால் 8123ஆம் போர்ட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். அந்தத் தேதியையும் கோப்பில் உள்ள தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு நிமிடத்தில் விடை. தேதி வேறாக இருந்தால் சான்றிதழுக்கு ஒன்றுமில்லை, ரீஸ்டார்ட் செய்தால் போதும். தேதி ஒன்றாகவே இருந்து இரண்டுமே காலாவதி என்றால்தான் புதுப்பிக்கும் ஏற்பாட்டில் கைவைக்க வேண்டும்.

விஷயம் புரிந்ததும் அன்றிரவு திரையில் ரீஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன். மாட்டேன் என்றது. கான்ஃபிகரேஷன் செல்லாது, 47ஆம் வரியில் பிழை.

இதற்கு ஹோம் அசிஸ்டென்ட்டைப் பாராட்ட வேண்டும். திரையில் இருந்து ரீஸ்டார்ட் கேட்டால், முதலில் கோப்புகளைச் சோதித்துப் பார்த்து, பிழை இருந்தால் ஓடுவதை நிறுத்தாமல் அப்படியே விட்டுவிடும். மின்தடை இப்படியெல்லாம் கேட்டுக்கொண்டு வராது. அதே பிழையோடு கரண்ட் போய் வந்திருந்தால், பெட்டி ரெக்கவரி மோடில் எழுந்திருக்கும். திரை வரும், ஆனால் சாதனங்கள் ஒன்றும் வராது. 2023 நவம்பர்ப் பதிப்புவரை இதற்கு சேஃப் மோட் என்று பெயர்.

47ஆம் வரியைப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. பிழை 46ஆம் வரியில். ஐந்து வாரத்துக்கு முன் கையால் சேர்த்த ஒரு தலைப்புக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைக்க மறந்திருக்கிறேன். யாமல் என்ன செய்யும் என்றால், அந்த வரியை முடியாத வாக்கியம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வரியையும் அதோடு சேர்த்துப் படிக்கும். அங்கே ஒரு முக்காற்புள்ளி வந்ததும் திகைத்து நின்று, நின்ற இடத்தின் எண்ணைச் சொல்லும். யாமல் பிழைச் செய்தியில் வரும் வரி எண் அது தடுக்கி விழுந்த இடம். கல் கிடந்த இடம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வரி மேலே இருக்கும். உள்ளடங்கல் இடைவெளி ஒன்று குறைந்தாலும், மேற்கோள் குறியை மூட மறந்தாலும் இதே கதைதான்.

இது கண்ணுக்குத் தெரிகிற பிழை. யாமலில் தெரியாத பிழைகள் வேறு வகை. அன்று முக்காற்புள்ளியைப் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் சான்றிதழ்ப் பிரச்சினை தீர்ந்தது, ஆப் திறந்தது. ஆனால் புதிதாக எழுதியிருந்த இரண்டு மோட்டார் விதிகளில் ஒன்று செயலற்றுக் கிடந்தது. காலை 06:00 மணிக்கு மோட்டாரை ஓட்டும் விதி சரி. இரவு 22:30க்கு நிறுத்தும் விதி மட்டும் இல்லை. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. நேரம் மட்டும்தான் வேறு.

விடை 2005ஆம் ஆண்டுக்குப் போகிறது. ஹோம் அசிஸ்டென்ட் நம்பியிருக்கும் யாமல் வாசிப்பான் அந்த ஆண்டு வந்த 1.1 பதிப்பின் விதிகளைப் பின்பற்றுகிறது. அதில் அறுபதின் அடிப்படையில் எண் எழுதும் வழக்கம் ஒன்று உண்டு. முக்காற்புள்ளியோடு 22:30:00 என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் அதை நேரம் என்று எடுத்துக்கொள்ளாது. மணி, நிமிடம், விநாடி என்று பெருக்கிக் கூட்டி 81000 என்ற எண்ணாக்கிவிடும். ‘81000 மணிக்கு நிறுத்து’ என்றால் எந்த விதியும் விழிக்கத்தான் செய்யும். அப்படியானால் 06:00:00 எப்படித் தப்பியது? அந்த அறுபதுக் கணக்கில் எண் பூச்சியத்தில் தொடங்கக்கூடாது. அதனால் அது வெறும் எழுத்துச்சரமாகவே நின்று, ஹோம் அசிஸ்டென்ட் அதை நேரமாகப் புரிந்துகொண்டது. காலை பத்து மணிக்கு முந்திய விதிகள் எல்லாம் ஓடும், பிந்தியவை ஓடாது. இந்த வாசிப்பான் தெரியாமல் எத்தனை நாள் தேடினாலும் காரணம் கிடைக்காது.

இதன் இன்னொரு தம்பி, ஆன், ஆஃப், யெஸ், நோ என்ற சொற்கள். மேற்கோள் இல்லாமல் எழுதினால் 1.1 பதிப்பு அவற்றை உண்மை, பொய் என்ற மதிப்புகளாக மாற்றிவிடும். நார்வேயின் ஈரெழுத்து நாட்டுக் குறியீடான NO இப்படிப் ‘பொய்’ ஆகிவிடுவதால் இதற்கு நார்வே சிக்கல் என்றே பெயர். 2009இல் வந்த யாமல் 1.2 இவற்றைத் திருத்திவிட்டது. ஆனால் பழைய வாசிப்பான்கள் போகவில்லை. திரையில் கட்டும் விதிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது, மென்பொருளே மேற்கோள் போட்டுக்கொள்ளும். கையால் எழுதுகிறவர்கள் நேரம், ஆன், ஆஃப், பூச்சியத்தில் தொடங்கும் பின் எண் எதைக் கண்டாலும் யோசிக்காமல் மேற்கோள் குறிக்குள் போட்டுவிடுவது நல்லது.

இரட்டைத் தலைப்பும் அப்படித்தான். ஒரே தலைப்பு ஒரு கோப்பில் இரண்டு இடத்தில் வந்தால் பின்னால் வந்தது முன்னால் வந்ததை விழுங்கிவிடும். சர்வர் நிற்காது. எந்தெந்த வரிகளில் மோதல் என்று லாகில், அதாவது தன் நடப்புக் குறிப்பேட்டில், ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். லாகைத் திறக்காதவர் ‘என் பழைய சென்சார்கள் காணோம்’ என்று தேடிக்கொண்டிருப்பார்.

லாக் என்றதும் பலர் செய்யும் முதல் வேலை, ஒவ்வொரு அசைவையும் எழுதவைக்கும் டீபக் அளவை எல்லாவற்றுக்கும் ஏற்றிவிடுவது. இதைவிடக் கெட்ட யோசனை குறைவு. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும், தேவையான ஒரு வரி அதில் மூழ்கிப்போகும். ராஸ்பெர்ரி பையில் எஸ்டி கார்டு என்றால் எழுதி எழுதியே அது சீக்கிரம் தேயும். பொதுவாக எச்சரிக்கை அளவில் வைத்துவிட்டு, சந்தேகப்படும் ஒரே பகுதிக்கு மட்டும் டீபக் ஏற்றுவதுதான் முறை. இதற்கு ரீஸ்டார்ட் தேவையில்லை, ஓடும்போதே அளவை மாற்றும் ஆக்ஷன் ஒன்று ஹோம் அசிஸ்டென்ட்டில் இருக்கிறது. இங்கேயும் அதே கோப்பு, நினைவகம் வேறுபாடு, ஆனால் தலைகீழாக. அப்படி மாற்றியது நினைவகத்தில் மட்டும் இருக்கும், அடுத்த ரீஸ்டார்ட்டில் காணாமல் போகும். கோப்பில் டீபக் எழுதி மறந்தவர்களுக்குத்தான் மூன்று மாதம் கழித்துக் கார்டு நிறையும்.

படிக்கும் திசையும் முக்கியம். நம் கண் கடைசி வரிக்குத்தான் போகும், சிவப்பாக அங்கே நிறைய இருக்கும். ஒரு பகுதி எழவில்லை என்றால் அதை நம்பியிருந்த பத்துப் பகுதிகளும் விழும், பத்தும் தனித்தனியாகக் கத்தும். அவற்றில் எதையும் தொட வேண்டாம். சர்வர் தொடங்கிய கணத்துக்குப் போய், அங்கிருந்து கீழே வந்து, முதல் பிழை எது என்று பாருங்கள். திரையில் உள்ள லாக் பக்கம் ஒரே பிழையை ஒன்றாகத் தொகுத்து, முதலில் எப்போது வந்தது, எத்தனை தடவை வந்தது என்று காட்டும். ஆயிரம் தடவை வந்த பிழையைவிட, முதலில் வந்து ஒரே தடவையோடு நின்ற பிழைதான் பல நேரம் குற்றவாளி.

பதற்றத்தில் ரீஸ்டார்ட் மேல் ரீஸ்டார்ட் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹோம் அசிஸ்டென்ட்டைக் கன்டெய்னராக, அதாவது தனியே பிரிந்து ஓடும் பொதியாக, நிறுவியவர்களிடம் லாக் ஒரு கோப்பாக இருக்கும். சர்வர் தொடங்கும்போது முந்தைய ஓட்டத்தின் லாக் பெயருக்குப் பின்னால் 1 என்று போட்டு ஒதுக்கப்படும். ஒரே ஒரு முந்தைய ஓட்டம்தான். இரண்டாம் ரீஸ்டார்ட்டில் அதன்மேல் அடுத்தது வந்து உட்காரும். சாட்சியை நாமே அழித்துவிட்டு ‘லாகில் ஒண்ணுமே இல்லையே’ என்போம். முதல் ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் லாகை வேறு இடத்துக்கு நகலெடுக்க ஒரு நிமிடம் ஆகும்.

மின்தடைக்குப் பின் லாகில் முதலில் பார்க்க வேண்டியது நேரம். ராஸ்பெர்ரி பை 4 வரைக்கும் போர்டில் கடிகாரச் சிப் கிடையாது. 2023இல் வந்த பை 5இல் கடிகாரம் உண்டு, அதற்கான பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். கரண்ட் வந்ததும் பை எழுந்துவிடும், ரவுட்டர் இணையத்தைப் பிடிக்க இன்னும் சில நிமிடம் எடுக்கும். அந்த இடைவெளியில் பைக்கு இன்று என்ன தேதி என்று தெரியாது, ஏதோ ஒரு பழைய தேதியில் இருக்கும். அப்போது வெளியே எந்தச் சேவையைத் தொட்டாலும், போன வாரம் வாங்கிய சான்றிதழ்கூட ‘இன்னும் நடைமுறைக்கு வரவில்லை’ என்று நிராகரிக்கப்படும். வானிலை, ஸ்பீக்கர், கேமராவின் மேகச் சேவை எல்லாம் ஒரே நேரத்தில் சான்றிதழ்ப் பிழை கொடுத்தால் அத்தனை நிறுவனங்களும் ஒரே இரவில் கெட்டுப்போயிருக்காது. லாகின் முதல் வரியில் உள்ள தேதியைப் பாருங்கள். நடுவில் எங்கோ தேதி ஒரே தாவலில் இன்றைக்கு வந்திருக்கும்.

சான்றிதழ்ப் பிழைகளை ஒரே குடுவையில் போடக்கூடாது. பிரவுசர் மூன்று விதமாகக் குறை சொல்லும். தேதி சரியில்லை என்பது ஒன்று, அதைப் பார்த்துவிட்டோம். பெயர் பொருந்தவில்லை என்பது இரண்டாவது. சான்றிதழ் உங்கள் டொமைன் பெயருக்கு வாங்கியது. வீட்டுக்குள் இருந்துகொண்டு 192.168 என்று தொடங்கும் எண்ணால் அதே சர்வரைத் திறந்தால் பெயர் எப்படிப் பொருந்தும்? சில ரவுட்டர்கள் வீட்டுக்குள் இருந்து வெளிமுகவரி வழியாகத் திரும்பி உள்ளே வர விடாது, அதனால்தான் பலர் எண்ணைப் போட்டுத் திறந்து இந்தப் பிழையில் மாட்டுகிறார்கள். பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் வீட்டு டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு உள்முகவரியைக் கொடுத்துவிட்டால் பெயரும் பொருந்தும், போக்குவரத்தும் வீட்டை விட்டு வெளியேறாது.

கையெழுத்திட்டவர் யார் என்று தெரியவில்லை என்பது மூன்றாவது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. லேப்டாப் பிரவுசரில் திறக்கும், கைபேசி ஆப்பில் திறக்காது. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழோடு இடைநிலைச் சான்றிதழ் ஒன்றும் வரும். இரண்டும் சேர்ந்த கோப்புக்குப் பெயர் ஃபுல்செயின். அதை விட்டுத் தனிச் சான்றிதழ்க் கோப்பின் பெயரைக் கான்ஃபிகரேஷனில் எழுதிவிட்டால் சங்கிலியில் ஒரு கண்ணி குறையும். லேப்டாப் பிரவுசர்கள் விடுபட்ட கண்ணியை வேறு இடத்தில் இருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு ஆப் அப்படிச் சிரமப்படாது. ரெக்கவரி மோடிலும் இதே பிழை வரலாம். சான்றிதழ்க் கோப்பே படிக்க முடியாமல் கெட்டிருந்தால், ஹோம் அசிஸ்டென்ட் அந்த மோடில் அவசரத்துக்குத் தானே ஒரு சான்றிதழைத் தயாரித்துக்கொண்டு எழும். அதை ஆப் நம்பாது. பிரவுசரில் எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போகலாம்.

புதுப்பிப்பதே நடக்கவில்லை என்றால், நம் ஊர் இணைப்புகளில் முதலில் பார்க்க வேண்டியது ரவுட்டருக்குக் கிடைத்திருக்கும் முகவரி. அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், உங்களுக்கென்று பொது முகவரி கிடையாது, பல வீடுகளுக்கு ஒன்றைப் பகிர்ந்துகொடுக்கிறார்கள். ரவுட்டரில் என்னதான் போர்ட் திறந்தாலும் வெளியில் இருந்து யாரும் வர முடியாது. 80ஆம் போர்ட்டைத் தட்டிப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை இங்கே நடக்காது. டிஎன்எஸ்ஸில் ஒரு குறிப்பை எழுதி உரிமையை நிரூபிக்கும் முறைக்கு மாறினால் எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டாம். சோதித்துப் பார்க்க லெட்ஸ் என்க்ரிப்ட் தனியாக ஒரு ஸ்டேஜிங் சர்வர் வைத்திருக்கிறது. என்னைப் போல ஐந்தையும் வீணாக்காமல் அதில் பழகலாம்.

வருகிற கோரிக்கைகளை முதலில் வாங்கி உள்ளே கடத்தும் என்ஜின்எக்ஸ் போன்ற ரிவர்ஸ் பிராக்ஸியைச் சர்வருக்கு முன்னால் வைத்தவர்களுக்குத் தனித் தொல்லை. 2021 ஜூலைப் பதிப்பில் இருந்து, எந்தப் பிராக்ஸியை நம்பலாம் என்று கான்ஃபிகரேஷனில் எழுதாவிட்டால் ஹோம் அசிஸ்டென்ட் 400 என்ற எண்ணோடு கதவைச் சாத்திவிடும். எந்த முகவரியில் இருந்து அந்தக் கோரிக்கை வந்தது என்று லாகில் எழுதியிருக்கும், அதையே எடுத்து நம்பிக்கைப் பட்டியலில் போட்டால் முடிந்தது. இதைவிட வினோதம் ஐபி தடை. தவறான கடவுச்சொல் இத்தனை தடவை போட்டால் அந்த முகவரியைத் தடைசெய் என்று அமைக்கலாம். என் நண்பர் ஒருவர் வீட்டில் பிராக்ஸி பெட்டியில் அமைப்பு சரியில்லாததால் வீட்டில் உள்ள அனைவரும் பிராக்ஸியின் ஒரே முகவரியாகவே தெரிந்தார்கள். மகன் டேப்லெட்டில் கடவுச்சொல்லைத் தப்பும் தவறுமாகப் போட, மொத்தக் குடும்பமும் வெளியே. தடைப் பட்டியல் ஒரு யாமல் கோப்பில்தான் இருக்கிறது. அதை அழித்துவிட்டு அரைமணி நேரம் ‘இன்னும் விடலையே’ என்று போனில் புலம்பினார். அந்தக் கோப்பையும் சர்வர் தொடங்கும்போதுதான் படிக்கும்.

சான்றிதழ் காலாவதியாகப் போகிறது என்று லெட்ஸ் என்க்ரிப்ட் முன்பெல்லாம் மின்னஞ்சல் அனுப்பும். 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டார்கள். சான்றிதழ்களின் ஆயுளும் குறைந்துகொண்டே வருகிறது. பிரவுசர் நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் ஒத்துக்கொண்டபடி, 2029 மார்ச் 15 முதல் பொதுச் சான்றிதழ் எதற்கும் 47 நாளுக்கு மேல் ஆயுள் கிடையாது. மூன்று மாதம் ரீஸ்டார்ட் இல்லாமல் ஓட்டியதால் என்னிடம் ஒரு தடவை நடந்த கூத்து, அப்போது அதே பழக்கத்தில் இரண்டு தடவை நடக்கும்.

ஹோம் அசிஸ்டென்ட்டுக்குள்ளேயே சான்றிதழின் கடைசித் தேதியைக் காட்டும் சென்சார் ஒன்று இருக்கிறது. அது கோப்பைப் பார்க்காது. வெளியாள் மாதிரி போர்ட்டைத் தட்டி, சர்வர் நீட்டுவதைப் படிக்கும். அதை வைத்து ஒரு விதி எழுதியிருக்கிறேன். இருபது நாளுக்குக் கீழே போனால் சமையலறை ஸ்பீக்கரில் சொல்லும், அதிகாலை 3 மணிக்கு ரீஸ்டார்ட்டும் கேட்கும். கோப்பில் பிழை இருந்தால் ரீஸ்டார்ட் நடக்காது, காலையில் லாகில் காரணம் இருக்கும். அந்த 3 மணியை 03:00:00 என்றுதான் எழுதினேன், பூச்சியத்தில் தொடங்குவதால் மேற்கோள் இல்லாமலும் ஓடும். இருந்தாலும் மேற்கோள் போட்டேன்.

22:30 விதிக்கும் அன்றிரவே மேற்கோள் போட்டு ஆட்டோமேஷனை ரீலோட் செய்தேன். மணி 10:25. மொட்டை மாடியில் தொட்டி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைக்கப் போன அம்மாவை ‘அஞ்சு நிமிஷம் இருங்கம்மா, தானா நிக்கும்’ என்று தடுத்து நிறுத்தினேன். நின்றது.